வீட்டையே இணைக்க வந்த கேபிள்

சென்ற வாரம் பாடசாலைக் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தபோது சப்பாத்துப் பெட்டியொன்று அகப்பட்டது. உள்ளே தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய டிஜிட்டல் வீடியோ கெசட்டுகள் பதினொன்று. ஒன்றின் மேல் "பரிசளிப்பு விழா 2004" என்று எழுதியிருந்தது. அன்று பேசிய அதிபர் இப்போது மர்ஹூம். கெசட்டோடு கிடந்த கேபிளைத் தூக்கிப் பார்த்த தரம் 10 மாணவன் கேட்டான்: "சேர், இத எங்க சேர் குத்துற?"

அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்த நீண்ட பதிவு.

அந்தக் கேபிளின் பெயர் பயர்வயர். 1980களின் பிற்பகுதியில் அப்பிள் நிறுவனம் தொடங்கிய வேலை, 1995இல் ஐ.ஈ.ஈ.ஈ. 1394 என்ற நியமமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டு சோனியின் விஎக்ஸ்1000 கெமரா இந்தத் துளையோடு சந்தைக்கு வந்தது. வேகம் செக்கனுக்கு 400 மெகாபிட் வரை. 1996இல் வந்த யூஎஸ்பியின் வேகமோ வெறும் 12. டிஜிட்டல் கெமராவின் காட்சி செக்கனுக்கு 25 மெகாபிட் கேட்கும். யூஎஸ்பியால் அதைத் தாங்க முடியாது. நமது ஊர்களில் கல்யாண வீடியோ எடுத்தவர்கள் கம்பியூட்டருக்குத் தனியாகக் கார்ட் வாங்கிப் போட்டது இதனால்தான்.

ஆனால் கெமரா வெறும் தொடக்கம். இலக்கு வீடு முழுவதும். ஆசிரியர் பாணியிலேயே சொல்கிறோம். யூஎஸ்பி என்பது ஆசிரியர் கேட்டால் மட்டும் மாணவர் வாய் திறக்கும் வகுப்பு. அங்கே கம்பியூட்டர்தான் ஆசிரியர். பயர்வயரில் ஆசிரியர் தேவையில்லை, கெமராவும் ரெக்கோர்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். படம் இடையில் அறுந்துவிடாதபடி அதற்கென நேரமும் ஒதுக்கிக் கொடுக்கும். தொலைக்காட்சி, ரெக்கோர்டர், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒரே கேபிளில் கோர்க்க இதைவிட என்ன வேண்டும்? 1998இல் சோனி, பிலிப்ஸ், மட்சுஷிட்டா, ஹிட்டாச்சி, தோஷிபா, ஷார்ப், தொம்சன், குருண்டிக் ஆகிய எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஹாவி என்ற கூட்டமைப்பை அமைத்தன. எந்தக் கொம்பனியின் பொருளும் மற்றக் கொம்பனியின் பொருளை இயக்க வேண்டும் என்பது திட்டம். வரவேற்பறைச் சந்தை இந்தக் கேபிளுக்குத்தான் என்று பலர் நம்பிய காலம் அது.

பிறகு என்ன நடந்தது? முதலில் பெயரிலேயே ஒற்றுமை இல்லை. அப்பிளுக்கு அது பயர்வயர், சோனிக்கு ஐ-லிங்க். ஒன்றில் ஆறு முனை, மற்றதில் நான்கு. கடைக்குப் போகிறவர் இரண்டும் ஒரே சாதி என்று எப்படி அறிவார்?

அடுத்தது காசு. 1999 தொடக்கத்தில் அப்பிள் ஒரு துளைக்கு ஒரு டொலர் கேட்கிறது என்ற செய்தி பரவியது. ஒரு டொலர்தானே என்று நமக்குத் தோன்றும். கோடிக்கணக்கில் துளை போடுகிறவனுக்கு அப்படித் தோன்றாது. எதிர்ப்பு எழுந்ததும் காப்புரிமைக்காரர்கள் ஒன்றுகூடி, ஒரு கருவிக்கு 25 சதம் என்று இறங்கி வந்தார்கள். ஆனால் இன்டெல் அதற்குள் யூஎஸ்பி 2.0 பக்கம் திரும்பிவிட்டது. 2000 ஏப்ரலில் வெளிவந்த அதன் வேகம் 480 மெகாபிட். உண்மைப் பாவனையில் பெரிய கோப்புகளுக்குப் பயர்வயரே முந்தியது. அட்டையில் அச்சிடுவதற்கோ 480தான் அழகு.

இவை இரண்டையும் விட, தொலைக்காட்சியில் அதைத் தோற்கடித்தது ஹொலிவுட்டின் பயம் என்பதே எமது கணிப்பு. பயர்வயர் சுருக்கிய டிஜிட்டல் காட்சியை அப்படியே கொண்டுபோகும். அதைப் பிடித்தால் அசலுக்கு நிகரான பிரதி கிடைத்துவிடும். பூட்டுப் போடும் முறை 1998இலேயே வந்தும் சந்தேகம் தீரவில்லை. 2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ வந்தது. அது விரித்த காட்சியைத் திரையை நோக்கி ஒருவழியாகக் கொட்டும் கேபிள். பதிவு செய்வது சிரமம், படக் கம்பனிகளுக்கு நிம்மதி. எச்டிஎம்ஐயைத் தொடங்கிய ஏழு நிறுவனங்களில் ஆறு, ஹாவியைத் தொடங்கிய அதே நிறுவனங்கள்! தம் பிள்ளையைத் தாமே கைவிட்டார்கள் என்றால் கோபிக்கமாட்டார்கள் என நினைக்கிறோம்.

அமெரிக்காவில் 2004 ஏப்ரல் முதல், வாடிக்கையாளர் கேட்டால் 1394 துளையுள்ள உயர்தரப் பெட்டியைக் கேபிள் தொலைக்காட்சி நிறுவனம் கொடுக்கவேண்டும் என்று சட்டமே இருந்தது. துளை வந்தது, அதில் குத்துவதற்குப் பொருள்தான் வரவில்லை. 2001இல் முதல் ஐபொட் பயர்வயரோடு பிறந்தது. 2005இல் வந்த ஐபொட் அதன்வழி பாட்டு ஏற்றுவதையே நிறுத்தியது. வீட்டை இணைக்கும் வேலையை வைஃபை எடுத்துக்கொண்டது.

நகரிலுள்ள பழைய கல்யாண வீடியோக்காரர் ஒருவரிடம் அந்தக் கார்ட் போட்ட கம்பியூட்டர் இன்னும் ஓடுகிறது. ஒரு மணித்தியாலக் கெசட்டை ஏற்ற ஒரு மணித்தியாலம் செல்லும், அவசரப்படுத்த வழியில்லை. நான்கு கெசட்டுகள் முடிந்தன. ஐந்தாவதில் கெமரா நின்றுவிட்டது. 2004 பரிசளிப்பு விழா இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வேலை செய்யும் டிஜிட்டல் கெசட் கெமரா யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், இரண்டு நாளில் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.