விருந்தோம்பலும் பாடசாலையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

உல்லாசப் பிரயாணமும் விருந்தோம்பலும் இலங்கையின் இடைநிலைப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும்போது, தமிழ்ச் சூழலில் அப்பாடம் எந்த வரலாற்றின்மீது நிற்கின்றது என்பதை நாம் நோக்குதல் அவசியமாகும்.

1966 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்மூலம் இலங்கை உல்லாசப் பிரயாண சபை நிறுவப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில், வெளிநாட்டு விருந்தினரை வரவேற்றல் அரச கொள்கையாயிற்று. அதே ஆண்டு ஒக்ரோபர் 21 இல், தீண்டாமைக்கெதிரான ஊர்வலமொன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிஸார் அதனைத் தாக்கினர். தொடர்ந்த ஆண்டுகளிற் போராட்டம் தேநீர்க்கடை வாசல்களையும் ஆலய வாசல்களையும் அடைந்தது. கடைக்குள் அமர்ந்து, பிறர் அருந்தும் பாத்திரத்திலேயே தேநீர் அருந்தும் உரிமை அங்கே கோரப்பட்டது. காசு கொடுத்தவருக்கும் போத்தலையும் தகரப்பேணியையும் நீட்டிய அதே சமூகந்தான் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தைப் போற்றிவந்தது. (விருந்து என்னும் சொல்லே புதிதாய் வந்தவரைக் குறிப்பது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.) இம்முரண்பாட்டைத் தனிமனித ஒழுக்கக்கேடென விளக்கிவிட முடியாது. நிலவுடைமை உறவுகளில் விருந்தென்பது பெரும்பாலும் ஒத்த நிலையினரிடையே நிகழ்ந்த பரிமாற்றமாகும். அதற்கான உழைப்பை வீட்டுப் பெண்களும், ‘குடிமக்கள்’ எனப்பட்ட சேவைச் சாதியினரும் வழங்கினர்.

பரிமாறுதலும் துப்புரவாக்குதலும் இழிதொழில்கள் என்ற எண்ணம் இவ்வுறவுகளிற் பிறந்ததே. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம், பிரதேசத் தொழில்களைத் தொழில்முன்னிலைப் பாடங்களாக வகுப்பறைக்குக் கொணர்ந்தது. எமது மதிப்பீட்டில், குறைபாடுகள் பலவுடையதாயினும், உழைப்பை அறிவிலிருந்து பிரித்து வைத்த குடியேற்றக் கல்வி மரபுக்கு அது விடுத்த சவால் பெரிது. 1977 ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தின் பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது.

2017 இல் ஆரம்பமான பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்றுறைப் பிரிவில் சுற்றுலாவும் விருந்தோம்பலும் இடம்பெற்றன. வரவேற்றல், பரிமாறல், அறை பேணல் ஆகிய திறன்கள் வேண்டியவையே. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், அத்திறன்களைப் பயிலும் மாணவருட் பலர், ஒருகாலத்தில் தேநீர்க்கடைக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகளாக இருத்தல் கூடும். முன்னர் சாதிக்கடமையாகச் சுமத்தப்பட்ட வேலை இன்று கூலியும் ஒப்பந்தமும் உடைய தொழிலாக மாறியமை, சுன்னாக ஊர்வலத்தின் வரலாற்றுடன் சேர்த்தே அவ்வகுப்பிற் கற்பிக்கப்படல் வேண்டும். 1983, 2019, 2020 ஆகிய ஆண்டுகளிற் பிரயாணிகளின் வருகை வீழ்ந்தபோது, அவ்வொப்பந்தம் ஊழியரை எவ்வளவு தூரம் காத்தது என்ற வினாவும் அப்பாடத்துக்குரியதே.