மலேசிய கிராண்ட் பிரீ எங்கே பிறந்தது?



"மலேசிய கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் முதன்முதலில் எங்கே நடைபெற்றது?" வகுப்பில் பாடத்திற்கிடையே நான் கேட்ட பொது அறிவு வினா இது. செப்பாங் என்னும் விடையையே எதிர்பார்த்தேன். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "சிங்கப்பூரில், ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "தாத்தா சொன்னாங்க, ஐயா" என்று தாழ்ந்த குரலில் கூறிவிட்டு அவன் அமர்ந்தான்.

அன்றிரவு தேடிப் படித்தபோதுதான், பிழை என்னுடையது என்பது புரிந்தது.

1961-ஆம் ஆண்டு சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் ஒரு கார்ப் பந்தயம் தொடங்கப்பெற்றது. அது பந்தயத்திற்கென அமைக்கப்பட்ட தடமன்று. மக்கள் அன்றாடம் பயன்படுத்திய பொதுச் சாலை. ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் நீளமுடைய அத்தடத்தின் வளைவுகளுள் ஒன்றுக்குச் 'சாத்தான் வளைவு' என்றே பெயர்.

முதலாண்டில் அப்பந்தயம் 'ஓரியண்ட் இயர் கிராண்ட் பிரீ' எனப்பட்டது. 1962-இல் அதன் பெயர் 'மலேசிய கிராண்ட் பிரீ' என மாறியது. இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். மலேசியா என்னும் நாடு உருவானது 1963 செப்டம்பர் 16-இல்தான். துங்கு அப்துல் ரஹ்மான் 1961 மே மாதத்தில் மலேசியக் கூட்டமைப்புக் கருத்தை வெளியிட்டிருந்தார். ஆகவே, நாடு பிறக்குமுன்பே பந்தயம் அதன் பெயரைச் சூடிக்கொண்டது.

1963-இலும் 1965-இலும் ஹாங்காங் வீரர் ஆல்பர்ட் பூன் அங்கு வெற்றி பெற்றார். 1964-ஆம் ஆண்டுப் பந்தயம் பெருமழையால் பாதியில் நின்றது. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. மறு ஆண்டு அதே சாலையில் நடந்த பந்தயம் 'சிங்கப்பூர் கிராண்ட் பிரீ' ஆயிற்று. சாலை நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. 'மலேசிய கிராண்ட் பிரீ' என்னும் பெயருக்குத் தடமே இல்லாமற்போனது.

அப்பெயருக்கு 1968-இல் சிலாங்கூரின் பத்து தீகாவில் புதிய வீடு கிடைத்தது. பின்னர் ஷா ஆலாம் பந்தயத் தடம் என்று வழங்கப்பெற்றது அதுவே. 1982 வரை மலேசிய கிராண்ட் பிரீ அங்கு நடைபெற்றது. மோட்டார் சைக்கிள் உலகப் போட்டியின் மலேசியச் சுற்றும் 1991 முதல் 1997 வரை அங்குதான். 1998-இல் அது ஜொகூருக்குச் சென்றது. 1999-இல் செப்பாங்கை அடைந்தது.

தாம்சன் சாலைப் பந்தயம், விபத்து அச்சத்தாலும் போக்குவரத்து இடையூற்றாலும் 1973-உடன் முடிவுற்றது. ஷா ஆலாம் தடம் 2003-இல் மூடப்பட்டு, அந்நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன. 1999 மார்ச் மாதம் டாக்டர் மகாதீர் திறந்துவைத்த செப்பாங் தடத்தில் அதே ஆண்டு அக்டோபரில் முதல் பார்முலா 1 பந்தயம் நடைபெற்றது. ஏற்று நடத்தும் செலவு உயர்ந்தது. நுழைவுச்சீட்டு விற்பனை சரிந்தது. அதனால் 2017 அக்டோபர் 1-ஆம் நாள் நடந்ததோடு செப்பாங்கில் பார்முலா 1 நின்றது. சிங்கப்பூரிலோ 2008-இல் மரினா பே சாலைகளில் பார்முலா 1 தொடங்கியிருந்தது. ஒரு நாட்டின் பெயர் தாங்கிய பந்தயமாயினும் அதற்கு நிலையான இடம் இருந்ததில்லை. அரசியலும் பாதுகாப்பும் பணமுமே அதன் இருப்பிடத்தை முடிவு செய்தன.

இதில் நமக்குரிய பாடம் யாது? 'எங்கே' என்னும் வினாவோடு 'எப்போது' என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது வரலாற்று வினாவாகும். இன்றைய எல்லைக்கோட்டை அன்றைய நிகழ்வின்மீது வரைந்து பார்த்ததே நான் செய்த பிழை. அந்தத் தாத்தா எல்லைக்கு முந்திய காலத்தை நினைவில் வைத்திருந்தார்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை எழுப்பி, "நேற்று நீ சொன்னதே சரி. சிரித்தது என் தவறு" என்றேன். அவன் வெட்கத்தோடு புன்னகைத்தான். பின்னர், "தாத்தாகிட்ட சொல்லிடறேன், ஐயா" என்றான்.

பெற்றோர்களே, உங்கள் இல்லத்து மூத்தோரிடம் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, மாணவரின் விடை நமக்கு வியப்பாக இருந்தால், சிரிப்பதற்குமுன் ஒருமுறை தேடிப் பார்ப்போம்.