மெஸ்கீட் மரமும் அதன் கரியும்

ஊனைத் தணலில் வாட்டி உண்ணும் வழக்கம் பானையினும் மூத்தது. ஆயினும், எம்மரத்தின் தணல் என்பதை அந்தந்த நிலமே முடிவு செய்து வந்திருக்கிறது. மெக்சிக்கோவின் வடபகுதியிலும், அதனை அடுத்த டெக்சாஸ், அரிசோனா மாநிலங்களிலும் அம்மரம் மெஸ்கீட் ஆகும். சுட்ட இறைச்சி விரும்புவோர் இன்று தேடி வாங்கும் மெஸ்கீட் கரிக்கு, சுவையோடு இழப்பும் கலந்த வரலாறு ஒன்று உண்டு. அதனை ஈண்டு நோக்குவோம்.

மெஸ்கீட் என்னும் சொல், ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியின் 'மிஸ்கிட்ல்' என்பதன் திரிபு. ஸ்பானியர் நாவில் அது 'மெஸ்கீத்தே' ஆயிற்று. பின்னர் ஆங்கிலத்திற் புகுந்தது. முள் நிறைந்த இம்மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீரைத் தேடி இதன் வேர் செல்லும் ஆழம் வியப்புக்குரியது. அரிசோனாவில் டூசான் நகருக்கு அருகிலுள்ள திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றில், ஏறக்குறைய 53 மீட்டர் ஆழத்தில் இதன் வேர் காணப்பட்டது. செரி, தொஹோனோ ஓதாம் முதலிய பழங்குடியினர்க்கு இம்மரம் முதற்கண் உணவு, பிறகே விறகு. இனிப்புச் சுவையுடைய இதன் நெற்றுகளை இடித்து மாவாக்கி அவர்கள் உண்டனர்.

ஸ்பானியர் கொணர்ந்த ஆடுமாடுகள் பெருகிய பின்னரே இதன் தணல் ஊனுக்குப் புகழ் பெற்றது. மான்டரே நகரில் ஆட்டுக்குட்டியைக் கம்பியிற் கோத்துத் தணலருகே நிறுத்திச் சுடுவர். தென் டெக்சாசில் மாட்டுத்தலையைத் துணியிற் சுற்றி, தணல் நிறைந்த குழியிலிட்டு மண்ணால் மூடி, இரவெல்லாம் வேகவைக்கும் வழக்கம் இருந்தது. 'பார்பகோவா' என்பது அதன் பெயர். கரிபியத் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களின் சொல் அது. 'பார்பிக்யூ' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது.

விறகுக்கும் கரிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். விறகு எரியும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து, குவாயகால், சிரிங்கால் முதலிய மணப்பொருள்கள் புகையோடு வெளிப்படுகின்றன. மெஸ்கீட் விறகின் புகை கடுமையானது. நெடுநேரம் ஊட்டினால் இறைச்சி கசக்கும். ஆதலின், பல மணி நேரம் புகையூட்டிச் சமைக்கும் நடு டெக்சாஸ் மக்கள் ஓக் விறகையே பெரிதும் நாடுவர். கரியோ, குறைந்த காற்றில் மூடி எரிக்கப்பட்டபோதே அப்பொருள்களிற் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. கரியிற் சுட்ட ஊனின் மணத்தில் பெரும்பங்கு, சொட்டும் கொழுப்பு தணலிற் பட்டுப் புகையாகி ஊனிற் படிவதால் வருவது. மெஸ்கீட் கரியின் தனிச்சிறப்பு அதன் கடும் வெப்பமே.

மரத்துண்டின் உருவம் மாறாத கரி இது. கரித்தூளை மாவுப்பசையோடு பிசைந்து அழுத்திய கரிக்கட்டி வேறு. 1920-களில் ஹென்றி போர்டு தம் மரஆலைக் கழிவிலிருந்து கரிக்கட்டியைப் பெருவாரியாகச் செய்வித்தார். அமெரிக்க இல்லங்களில் அதுவே பரவியது. 1980-களில் கலிபோர்னியாவின் உணவகங்கள் மெஸ்கீட் கரியின்பால் பெருவிருப்பம் கொண்டன. மெக்சிக்கோவின் சோனோரா மாநிலத்துக் கரி எல்லை கடந்து சென்றது.

அங்கே மெஸ்கீட்டுடன் வளரும் இரும்புமரமும் வெட்டுண்டு கரியாயிற்று. மிக மெல்ல வளர்ந்து, பல நூறு ஆண்டுகள் வாழும் மரம் அது. அதன் நிழலிலே சகுவாரோ முதலிய கள்ளிகளின் இளங்கன்றுகள் வெயிலுக்கும் உறைபனிக்கும் தப்பிப் பிழைக்கின்றன. செரி மக்கள் அம்மரத்தில் உருவங்கள் செதுக்கி விற்றும் பொருள் ஈட்டினர். 1994-இல் மெக்சிக்கோ அரசு இரும்புமரத்தைச் சிறப்புப் பாதுகாப்பிற்குரிய இனங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. தொலைநகரத்து விருந்தொன்றின் சுவைக்குப் பாலைநிலம் செலுத்திய விலை அத்தகையது.

மெஸ்கீட்டின் நெருங்கிய உறவினமொன்றைத் தமிழர் நன்கறிவர். அதுவே சீமைக்கருவேலம். 1870-களில் ஆங்கிலேயர் விறகுத் தேவை கருதி அதன் விதையைச் சென்னை மாகாணத்திற்கு வரவழைத்தனர். கண்மாய்களிலும் தரிசுகளிலும் அது படர்ந்து பகையாயிற்று. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டது. எனினும், இராமநாதபுரம் பகுதியில் அம்மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி வாழ்வோர் பலர். மழை பொய்த்த காலத்தும் அவர்தம் அடுப்பு எரிவது அக்கரியால் அன்றோ?

ஓரிடத்தில் வெட்ட வெட்டத் தழைக்கிறது. மற்றோரிடத்தில் அதன் உறவினம் வெட்டுண்டபோது துணைமரமும் சேர்ந்து அழிந்தது. ஆகவே, மரத்தைப் பழிப்பதும் புகழ்வதும் அறிவுடைமை ஆகா. தணல் மூட்டுவோன் வினவ வேண்டியது ஒன்றே: இக்கரி எந்நிலத்து மரம்? அந்நிலம் அதனை மீண்டும் வளர்க்குமா?