நீதிபீடம் ஏறிய அன்னை

தாய்மையும் தொழிலும் ஒரு மனையில் இசைந்திரா என்று கற்றோரும் எண்ணிய காலமொன்றிருந்தது. அவ்வெண்ணத்துக்கு வாதத்தினாலும் வாழ்க்கையினாலும் மறுமொழி பகர்ந்தவர் அன்னா சாண்டி அம்மையார்.

1905ஆம் ஆண்டு திருவிதாங்கூரிலே சிரியன் கிறிஸ்தவக் குடியொன்றிற் பிறந்த இவர், அச்சமஸ்தானத்துப் பெண்களுள் முதன்முதலாகச் சட்டப் பட்டம் பெற்றார், 1929இல் நியாயவாதியானார். அக்காலத்தில், மகளிருக்கு அரசாங்க உத்தியோகம் அளித்தல் தகுமோ என்னும் விவாதம் திருவனந்தபுரத்தில் எழுந்தது. பெண் பொருளீட்டப் புறப்படின் இல்லறம் குலையும் என்றார் அறிஞர் டி. கே. வேலுப்பிள்ளை. அம்மையாரோ, பெண் ஆடவரின் இன்பத்துக்கெனப் படைக்கப்பட்டவளல்லள் என்றும், அவளது வருவாய் இடர்க்காலத்திற் குடும்பத்தைத் தாங்கும் என்றும் நீதிமன்றில் வழக்குரைப்பதுபோல எடுத்துரைத்தார்.

1931இல் சிறீமூலம் சபைத் தேர்தலில் நின்றபோது அவதூறுச் சுவரொட்டிகள் அவரைச் சூழ்ந்தன. அவர் தோற்றார், ஆயினும் துவளாது மறுமுறை நின்று 1932இல் வென்றார். திருவிதாங்கூர்ச் சட்டம் பெண்களுக்கு மரண தண்டனையிலிருந்து விலக்களித்ததையும் அவர் எதிர்த்தார். உரிமையிற் சமத்துவம் கேட்போர், தண்டனையில் மட்டும் சலுகை கேட்பது முறையாகுமா?

ஒரு மகனுக்குத் தாயாகவும் ஆழ்ந்த விசுவாசியாகவும் வாழ்ந்த அவர், 1937இல் முன்சீப், 1948இல் மாவட்ட நீதிபதி, 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி எனப் படிப்படியாக உயர்ந்தார். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபீடம் ஏறிய முதற் பெண்மணி இவரே. 1967இல் ஓய்வு பெற்றார், 1996இல் மறைந்தார்.

மகளின் கல்வி மனையறத்துக்கு ஊறாகுமோ என்று தயங்கும் பெற்றோருக்கு இவ்வன்னையின் வாழ்வே தக்க விடையாகும்.