கும்பினியும் டேமேஜர்களும்

போன மாசம் ஊருக்குப் போனப்ப வத்தல்மலை ஏறினேன். காப்பிச் செடிகளுக்கு நடுவுல நின்னு கீழ பாத்தா தருமபுரி சமவெளி. அந்தக் காலத்துல பாரமகால். 1792-ல திப்பு ஆங்கிலேயக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த பூமி. கையில ரெண்டு கம்பெனி ஆஃபர் லெட்டரை வெச்சுக்கிட்டு முழிச்சிட்டிருந்த எனக்கு வேற ரெண்டு கம்பெனி ஞாபகம் வந்துடுச்சு.

1600 கடைசி நாள்ல ஆங்கிலேயக் கும்பினி பிறந்தது. 1602-ல டச்சுக்காரங்களோட வி.ஓ.சி. (நம்ம கப்பலோட்டிய வ.உ.சி. இல்லீங்க :-)). ஆங்கிலேயர் ஆரம்பத்துல ஒவ்வொரு கப்பல் பயணத்துக்கும் தனியா பணம் திரட்டி, லாபத்தைப் பிரிச்சுட்டு கணக்கை மூடிடுவாங்க. நம்ம ப்ராஜெக்ட் மாதிரியே! டச்சுக்காரங்க பல மடங்கு முதலோட, ஆறு நகரத்துக் கிளைகள், மேல 17 டைரக்டர்கள்னு ஆரம்பத்துலேயே பக்காவா இறங்கினாங்க.

இங்க ஆசியாவுல டச்சுக்காரங்களுக்கு எல்லாமே படேவியா தான். பழவேற்காட்டுல, 1690-க்கு அப்புறம் நாகப்பட்டினத்துல இருந்த டேமேஜர் அங்கதான் கை கட்டணும். ஊழியர் சொந்த வியாபாரம் பண்ணக்கூடாதுன்னு சட்டம். பண்ணாங்க, திருட்டுத்தனமா. ஆங்கிலேயர்கிட்ட சென்னை, பம்பாய், வங்காளம் மூணும் 1773 வரைக்கும் தனித்தனி ராஜ்யம். 1744-ல எழுத்தரா வந்த கிளைவுக்கு வருஷச் சம்பளம் வெறும் 5 பவுண்டு. ஆனா ஆசியாவுக்குள்ள சொந்த வியாபாரம் பண்ணிக்கலாம். அதுல கொழுத்து, கடைசியில பதவி போன சென்னை கவர்னர்தான் எலிஹு யேல். ஆமாங்க, அமெரிக்காவுல இருக்கே, அந்த யேல்!

இந்த சுதந்திரம் கொள்ளையாவும் முடிஞ்சது, வங்காளமே சாட்சி. ஆனா சொந்தமா துணிஞ்சு முடிவெடுக்கிற ஆளுங்களையும் அதுவே வளர்த்துச்சு. டச்சுக் கும்பினி விழுந்ததுக்கு அதிகாரக் குவிப்பு மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தோட போர்ல 1781-ல நாகப்பட்டினம் போச்சு, கடன் கழுத்தை நெரிச்சது, 1799 கடைசியில கதை முடிஞ்சது.

பாரமகாலுக்கு வருவோம். சென்னையில இருந்த சிவில் அதிகாரிகளுக்கு நம்ம பாஷை வராது. அதனால காரன்வாலிஸ், கேப்டன் ரீட்ங்கிற ராணுவக்காரரை வரி வசூலுக்குப் போட்டார். கூட வந்த உதவியாளர்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ. டச்சு முறையில இது நடந்திருக்கும்னு எனக்குத் தோணலை. மன்றோ 1799 வரைக்கும் தருமபுரியில இருந்து ஊர் ஊரா அலைஞ்சார். விவசாயிகிட்ட நேரா வரி வாங்குற ரயத்துவாரி இங்கதான் முளைச்சது. 1820-ல அவரே சென்னை கவர்னர்.

அளந்தது நம்ம நிலம், வரி கட்டினது நம்ம பாட்டன் பூட்டன். அந்த வரியும் ரொம்ப அதிகம்தான்.

எனக்கு வந்த ரெண்டு ஆஃபர்ல ஒண்ணு எல்லாத்துக்கும் தலைமையகத்தைக் கேட்கணும். இன்னொண்ணுல சம்பளம் கம்மி, நம்ம இஷ்டத்துக்குக் குதிக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், அம்மா வேற தினம் போன் பண்றாங்க.