ஹவ் டூ யூ டூ?

முதன்முதலாக அறிமுகமாகும் இருவர் கைகுலுக்கிக்கொண்டு சொல்லும் மரபான ஆங்கில வாசகம் இது. கேள்வி போல ஒலித்தாலும் விடையை எதிர்பார்ப்பதில்லை. எதிரே நிற்பவரும் அதையே திருப்பிச் சொல்வதுதான் பழைய முறை. ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பதில் சொன்னால், மரபு பார்க்கும் ஆங்கிலேயர் சற்றே விழிப்பார்.

கடைசியில் வரும் ‘டூ’ ஒரு வேலையைச் செய்வதைக் குறிப்பதன்று. அந்த வினைக்கு ‘உடலாலும் வாழ்வாலும் நலமாக இருத்தல்’ என்ற பொருளும் பல நூற்றாண்டுகளாக உண்டு. அறுவை சிகிச்சை முடிந்தவரைப் பற்றி, ‘ஹவ் இஸ் ஹி டூயிங்?’ என்று கேட்கிறார்களே, அதில் அப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. உண்மையாகவே நலம் விசாரித்த வாசகம், புழங்கிப் புழங்கி வணக்கமாகிவிட்டது. அதற்காக அதை வெற்றுச் சொல் என்று தள்ள எனக்கு மனமில்லை. அறியாத ஒருவரிடம் பேச்சைத் தொடங்க அது வழிவிடுகிறது. இதே வாசகம் தேய்ந்துதான் அமெரிக்காவின் ‘ஹவ்டி’ பிறந்தது.

‘ஹவ் ஆர் யூ?’வுக்கோ பதில் உண்டு: ‘ஃபைன், தேங்க்ஸ்.’ அமெரிக்கரின் ‘வாட்ஸ் அப்?’புக்கு ‘நாட் மச்’ போதும்.

பிரிட்டனில் கடைக்காரர் ‘ஆல் ரைட்?’ என்றால் புதிதாகப் போனவர் பதறிவிடுகிறார், தம் முகத்தில் ஏதோ வாட்டம் தெரிகிறதோ என்று. அப்படி ஒன்றுமில்லை. ‘ஆல் ரைட்’ என்று அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, வேண்டிய சாமானைக் கேட்கலாம்.