பழைய கணினியும் புதிய நினைவகமும்

அரசர்களின் வெற்றி தோல்விகளும் ஆட்சி மாற்றங்களும் மட்டுமே வரலாறு ஆகிவிடா. கருவிகளுக்கும் வரலாறு உண்டு. நம் மேசைமேல் இருக்கும் கணினிக்குள் எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கிறது. பழைய கணினிக்குப் புதிதாக ரேம் வாங்க நினைப்பவர், அவ்வரலாற்றில் ஒரு பகுதியையேனும் அறிந்திருத்தல் நலம். அறியாவிடில், வாங்கிய பொருள் பெட்டியிலேயே உறங்க நேரிடும்.

முதலில் நினைவகம் என்பது யாது எனக் காண்போம். பாடம் படிக்கும் மாணவன், அலமாரியிலுள்ள நூல்கள் அனைத்தையும் மேசைமேல் பரப்புவதில்லை. அப்போதைக்கு வேண்டியவற்றையே எடுத்து வைத்துக்கொள்கிறான். அலமாரி போன்றது ஹார்டு டிஸ்க். மேசை போன்றது ரேம். மேசை சிறிதானால், அடிக்கடி எழுந்து சென்று நூல்களை மாற்றி எடுக்க வேண்டியிருக்கும். பழைய கணினி தயங்கித் தயங்கி வேலை செய்வதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

1953ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில், ஜே ஃபாரஸ்டர் தலைமையில் உருவான வேர்ல்விண்ட் கணினிக்குக் காந்த வளையங்களாலான நினைவகம் பொருத்தப்பட்டது. கம்பிகளில் கோத்த வளையம் ஒவ்வொன்றும் ஒரு பிட்டைத் தாங்கியது. பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தால் ஒரு பிட்டைத் தாங்கலாம் எனக் கண்டார். 1968இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ரேமும் அந்நெறியிலேயே இயங்குகிறது. 1970இல் வெளிவந்த இன்டெல் 1103 என்னும் சில்லு 1,024 பிட்டுகளைத் தாங்கியது.

பொருத்தம் பார்க்க வேண்டிய நிலை, கணினி வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வந்த பின்னரே பரவலாயிற்று. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் தொடக்கநிலை நினைவகம் 16 கிலோபைட்டு. அதைப் பெருக்க விரும்பியவர், சில்லுகளை ஒவ்வொன்றாகப் பலகைக் குழிகளில் செருகினார். பின்னர்ச் சில்லுகளைச் சிறு பலகையில் பதித்து விற்கும் முறை வந்தது. 30 தொடுமுனைகள் உடைய பலகை ஒரே வேளையில் 8 பிட்டுகளையே வழங்கும். 32 பிட்டுகளை வேண்டிய 486 கணினிக்கு நான்கு பலகைகள் தேவைப்பட்டன. 1993இல் வந்த பென்டியமோ 64 பிட்டுகளை வேண்டியது. ஆகவே 72 முனைப் பலகைகளை இரண்டிரண்டாகச் செருக நேர்ந்தது. இரட்டை மாட்டு வண்டியில் ஒற்றை மாட்டைப் பூட்ட இயலுமோ?

தயாரிப்பாளர் பலரும் கூடிப் பொது அளவுகளை வகுத்ததனாலேயே இத்துறையில் ஒழுங்கு நிலைத்தது. 1958இல் தோன்றிய ஜெடெக் என்னும் அமைப்பு அப்பணியை ஏற்றது. டி.டி.ஆர். அளவு 2000இலும், மூன்றாம் தலைமுறை 2007இலும், நான்காம் தலைமுறை 2012இலும், ஐந்தாம் தலைமுறை 2020இலும் வெளியாயின. முதலாவது 2.5 வோல்ட்டில் இயங்கியது, ஐந்தாவது 1.1 வோல்ட்டில் இயங்குகிறது. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 முனைகளே. ஆயினும் பலகையின் விளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தம் மாறிப் பொருள் கெடாதபடி காக்கும் காவலன் அவ்வெட்டு. அது பொருந்தாதபோது அழுத்திச் செருக முயல்வது தீங்கு.

பொது உடன்பாட்டின் அருமையை ராம்பஸ் வரலாறு காட்டும். 1999, 2000ஆம் ஆண்டுகளில் இன்டெல் நிறுவனம் அவ்வகை நினைவகத்தை ஆதரித்தது. அதன் விரைவு பெரிது, விலையும் பெரிது. காலியான குழியிலும் வெறும் இணைப்புப் பலகையைச் செருக வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் சந்தை டி.டி.ஆர். பக்கம் சாய்ந்துவிட்டது. ராம்பஸ் கணினி வாங்கியோர் தனித்து நின்றனர்.

நேயர்களே, இவ்வரலாறு நடைமுறைக்கு உதவிய ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் இன்டெல் ஜி31 வகைத் தாய்ப்பலகை கொண்ட கணினி ஒன்று உண்டு. வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும் இளைஞர்கள் அதையே நம்பியிருந்தனர். அதைப் பழைய விலைக்குத் தள்ளிவிடலாம் என்றனர் சிலர். டி.டி.ஆர்.3 வாங்கலாம் என்றார் ஒருவர். அப்பலகை டி.டி.ஆர்.2 மட்டுமே ஏற்கும், அதிலும் 4 கிகாபைட்டுக்கு மேல் ஏற்காது என்று கையேட்டைக் காட்டி விளக்கினேன். இரண்டு 2 கிகாபைட்டு ரேம்களும் ஓர் எஸ்.எஸ்.டி.யும் வாங்கினோம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் அக்கணினிக்கு இல்லை. ஆதலால் லினக்ஸ் இட்டோம். விண்ணப்ப வேலை தடையின்றி நடக்கிறது.

தலைமுறை ஒத்திருந்தும் சில்லின் செறிவு ஒவ்வாமற் போவதுண்டு. ஜி41 வகைப் பலகை 2 கிகாபிட்டுச் சில்லு வரையே அறியும். அதற்கு 4 கிகாபைட்டு டி.டி.ஆர்.3 வாங்குவோர், எட்டுச் சில்லு கொண்டதை விடுத்துப் பதினாறு சில்லு கொண்டதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் தாய்ப்பலகையின் பெயரைக் குறித்துக்கொள்க. அது ஏற்கும் தலைமுறை எது, குழிகள் எத்தனை, உச்ச அளவு எவ்வளவு என்று கையேட்டில் காண்க. செய்ய வேண்டிய வேலைக்கு அவ்வுச்ச அளவும் போதாதெனத் தெரிந்தால், பழைய கணினிக்கு மேலும் செலவிடாமல் அப்பணத்தைப் புதியதற்கு ஒதுக்குவதே சிக்கனம்.